ஆன்டிஜெனும் நோய்த் தடுப்பாற்றலும்: தடுப்பூசி அட்டவணையின் உடலியல் அடிப்படை

மக்கள் நல்வாழ்வுத் துறையில் நம் நாடு மேற்கொண்டுள்ள பணிகளுள் தடுப்பூசித் திட்டம் முதன்மையான இடத்தைப் பெறுகிறது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975ஆம் ஆண்டு மே மாதத்தில் கண்டறியப்பட்டார். அவ்வெற்றி தந்த நம்பிக்கையில் 1978ஆம் ஆண்டு விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1985இல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக வளர்ந்தது. ஆண்டுதோறும் இந்நாட்டில் பிறக்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தேடிச் சென்றடைவது இத்திட்டத்தின் பொறுப்பாகும்.

இப்பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களிடமும் செவிலியர்களிடமும் தாய்மார்கள் சில வினாக்களைக் கேட்பதுண்டு. ஒரே ஊசியை ஏன் மூன்று முறை போட வேண்டும்? தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஏன் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்? ஒரு மருந்தை வாயில் சொட்டாகவும் மற்றொன்றைத் தோலிலும் வேறொன்றைத் தசையிலும் கொடுப்பது ஏன்? "அட்டவணை அப்படித்தான் கூறுகிறது" என்பது இவற்றுக்குத் தக்க விடையாகாது. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திற்கும் உடலியல் சார்ந்த காரணம் உண்டு. ஆன்டிஜென் என்னும் அயற்பொருள் உடலில் எவ்வாறு எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதை அறிந்தால் அக்காரணங்கள் தாமே விளங்கும்.

ஆன்டிஜென் என்பது யாது?

நோய்த் தடுப்பு மண்டலம் அடையாளம் கண்டு எதிர்வினை புரியக்கூடிய பொருள் எதுவோ அதுவே ஆன்டிஜென். பாக்டீரியாவின் மேலுறை, வைரசின் புரதம், பாம்பின் நஞ்சு, மகரந்தத் தூள், பொருந்தாத பிரிவைச் சேர்ந்த இரத்தத்தின் சிவப்பணு ஆகிய அனைத்தும் ஆன்டிஜென்களே. மனித இரத்தத்தில் பிரிவுகள் உள்ளன என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்ததும் இத்தகைய எதிர்வினையை ஆராய்ந்தபோதுதான்.

ஒரு நுண்ணுயிரை உடல் முழுமையாக ஒரே பொருளாகக் காண்பதில்லை. அதன் புறப்பரப்பிலுள்ள சிறு சிறு பகுதிகளையே தடுப்புச் செல்கள் பற்றிக்கொள்கின்றன. எனவே நோயை உண்டாக்கும் ஆற்றலை நீக்கிவிட்டு இப்பகுதிகளை மட்டும் சிதையாமல் காத்தால், நோயின்றியே தடுப்பாற்றலைப் பெறலாம். தடுப்பூசி அறிவியல் முழுவதும் இவ்வடிப்படையின் மீதே நிற்கிறது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்தும், கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டும், அதன் நஞ்சைத் தீங்கற்றதாக மாற்றியும், ஒரு புரதத்தை மட்டும் தனியே எடுத்தும் தடுப்பூசிகள் ஆக்கப்படுகின்றன.

எல்லா ஆன்டிஜென்களும் ஒரே அளவில் எதிர்ப்பைத் தூண்டுவதில்லை. பெரிய, சிக்கலான அமைப்புடைய புரதங்கள் வலுவாகத் தூண்டும். சர்க்கரைச் சங்கிலிகளாலான பொருள்கள், குறிப்பாகக் கைக்குழந்தைகளிடத்தில், வலுவின்றித் தூண்டும். பொருளின் தன்மை, அளவு, அது நுழையும் வழி, உடலின் வயது ஆகிய நான்கும் சேர்ந்தே விளைவை முடிவு செய்கின்றன.

முதற்கட்டப் பாதுகாப்பு

தோல், சளிப்படலம், இரைப்பை அமிலம் ஆகியவை உடலின் புறக்காப்பு. இவற்றைக் கடந்து நுழையும் கிருமிகளை விழுங்கும் செல்கள் எதிர்கொள்கின்றன. 1882ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் இளவுயிரியில் ஒரு முள்ளைச் செருகி, அதனைச் சுற்றி நகரும் செல்கள் வந்து மொய்ப்பதைக் கண்டார். விழுங்கும் செல்களின் பணி இவ்வாறே உலகுக்குத் தெரியவந்தது.

இக்கட்டத்தில் உடல், இன்ன நோயின் கிருமி என்று பிரித்தறிவதில்லை. 'இது கிருமி இனத்தைச் சேர்ந்தது' என்பதை மட்டும் பொதுவான அடையாளங்களைக் கொண்டு உணர்கிறது. உடனே அவ்விடத்தில் வீக்கம், சிவப்பு, வெப்பம், வலி ஆகியவை தோன்றுகின்றன. ஊசி போட்ட இடத்தில் குழந்தைக்கு வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வருவது பெரும்பாலும் இத்தொடக்க எதிர்வினையின் விளைவேயாகும். இதனைத் தாய்மார்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தால் அடுத்த தவணைக்கு வர அவர்கள் அஞ்ச மாட்டார்கள்.

இத்தொடக்க அறிகுறி இல்லாமல் ஆன்டிஜென் மட்டும் நுழையுமாயின் எதிர்ப்பு வலுப்பெறுவதில்லை. ஆகவேதான் தூய்மைப்படுத்தப்பட்ட புரதங்களாலான தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு துணையூக்கியாகச் சேர்க்கப்படுகிறது. இதன் பயனை 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கிளென்னியும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர்.

நிணநீர் முடிச்சில் நிகழ்வது

தோலிலும் தசையிலும் கிளைகள் விரித்தாற் போன்ற வடிவுடைய செல்கள் உள்ளன. இவற்றைக் கிளைச் செல்கள் எனலாம். இவை ஆன்டிஜெனை உட்கொண்டு, அதனைச் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளைத் தம் மேற்பரப்பில் தாங்கியவாறு அருகிலுள்ள நிணநீர் முடிச்சை அடைகின்றன. அங்கே டி செல்கள், பி செல்கள் என்னும் இருவகை வெள்ளணுக்கள் காத்திருக்கின்றன. முன்னவை தைமஸ் சுரப்பியிலும் பின்னவை எலும்பு மஜ்ஞையிலும் முதிர்ச்சி பெற்றவை.

ஒவ்வொரு டி செல்லும், ஒவ்வொரு பி செல்லும் ஒரே வகையான ஏற்பியைத் தாங்கியுள்ளது. செல்லுக்குச் செல் இவ்வேற்பி வேறுபடும். மரபணுத் துண்டுகள் சீட்டுக் கட்டைப் போலக் கலைத்து இணைக்கப்படுவதால் கோடிக்கணக்கான வகை ஏற்பிகள் உருவாகின்றன. இதனை விளக்கிய சுசுமு தொனேகாவாவுக்கு 1987ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. உடல் இதுவரை கண்டிராத ஆன்டிஜெனுக்கும் பொருந்தக்கூடிய சில செல்கள் முன்கூட்டியே இருப்பது இதனாலேயே. ஆன்டிஜென் புதிய எதிர்ப்பைக் கற்றுக்கொடுப்பதில்லை. இருப்பவற்றுள் தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துப் பெருகச் செய்கிறது. 1957இல் ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட் வெளியிட்ட தேர்வுக் கோட்பாட்டின் சாரம் இதுவே.

பொருத்தமான உதவி டி செல் கிளைச் செல்லிடமிருந்து ஆன்டிஜென் துண்டைப் பெற்று ஊக்கமடைகிறது. அது பி செல்லுக்குத் துணை நிற்க, பி செல்கள் பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களாக மாறுகின்றன. மற்றொரு வகை டி செல்கள், கிருமி புகுந்த உடற்செல்களைத் தேடி அழிக்கின்றன. பொருந்தும் செல்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவாதலால் அவை பெருகிப் பயன்தரும் அளவை எட்டச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகின்றது. இந்தத் தாமதத்தைக் கிருமி பயன்படுத்திக்கொள்வதால்தான் முதல் முறை தாக்கும் நோய் நம்மை வீழ்த்துகிறது.

வெறிநாய்க் கடி சிகிச்சையில் இதன் முக்கியத்துவம் தெளிவாகும். கடுமையான கடிக்குத் தடுப்பூசியுடன், ஆயத்தமான எதிர்ப்பொருளையும் காயத்தினுள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துகின்றனர். தடுப்பூசியால் உடல் தானே எதிர்ப்பொருளைச் செய்துகொள்ளும் வரை இடைக்காலத்தைக் காப்பது இவ்வயல் எதிர்ப்பொருளே. இது சில வாரங்களில் குறைந்து மறையும். நினைவை விட்டுச் செல்லாது. ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

முதல் எதிர்வினையும் இரண்டாம் எதிர்வினையும்

முதல் முறை ஆன்டிஜெனைச் சந்திக்கும்போது ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் முதலில் தோன்றுகிறது. பின்னர் ஐஜிஜி உருவாகிறது. இதன் அளவு மிதமானது. சில காலத்தில் குறைந்தும் விடும். ஆயினும் நினைவுச் செல்கள் எஞ்சி நிற்கின்றன. நிணநீர் முடிச்சினுள் அடுத்த சில வாரங்களில் இச்செல்கள் மேலும் தேர்வுக்கு உட்படுகின்றன. ஆன்டிஜெனை இறுகப் பற்றக்கூடியவை நிலைக்க, மற்றவை மறைகின்றன.

இரண்டாம் முறை அதே ஆன்டிஜென் வரும்போது எதிர்வினை விரைந்து எழுகிறது. அளவிலும் பன்மடங்கு மிகுதியாக உள்ளது. நீண்ட காலம் நீடிக்கிறது. தவணைகளுக்கிடையே குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும் என்ற விதியின் பொருள் இதுதான். நினைவுச் செல்கள் முதிர்வதற்கு முன்பே அடுத்த தவணையைக் கொடுத்தால் முழுப் பயன் கிட்டாது. மாறாக, தவணை தாமதமானால் முந்தைய நினைவு அழிந்துவிடுவதில்லை. ஆதலால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். முதலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. தாமதமாக வரும் தாயைத் திருப்பி அனுப்புவதற்கு அறிவியலில் ஆதாரமே இல்லை என்பதை நடைமுறையில் உள்ளோர் நினைவிற் கொள்ள வேண்டும். அதே வேளையில், தாமதிக்கும் நாட்களில் குழந்தை முழுப் பாதுகாப்பின்றி இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது.

ரண ஜன்னி இதற்கு மேலும் ஒரு பாடம் தருகிறது. அந்நோயை உண்டாக்கும் நஞ்சு மிகக் கொடியது; உயிரைப் போக்கப் போதுமான அளவு, தடுப்பாற்றலைத் தூண்டப் போதுமானதாக இல்லை. எனவே நோயிலிருந்து பிழைத்தவருக்கும் இயற்கையான தடுப்பாற்றல் ஏற்படுவதில்லை. அவருக்கும் தடுப்பூசி தேவை. நஞ்சைத் தீங்கற்றதாக மாற்றி, போதிய அளவில் கொடுக்கும் தடுப்பூசியோ உறுதியான பாதுகாப்பைத் தருகிறது. கருவுற்ற தாய்க்கு இதனைக் கொடுத்தால் அவள் உடலில் உண்டாகும் ஐஜிஜி தொப்புள்கொடி வழியே குழந்தையைச் சென்றடைந்து பிறந்த நாள் முதலே காக்கிறது. இம்முறையும் தூய்மையான மகப்பேறும் இணைந்ததன் பயனாக, தாய் சேய் ரண ஜன்னி ஒழிப்பு நிலையை 2015ஆம் ஆண்டில் இந்தியா எட்டியது.

வயதும் ஆன்டிஜெனின் வடிவமும்

தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள் நன்மையே செய்யும் எனினும் ஓரிடத்தில் தடையாகிறது. தட்டம்மைத் தடுப்பூசியில் உள்ளது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். அது உடலில் சிறிதளவு பெருகினால்தான் எதிர்ப்பைத் தூண்டும். தாயின் எதிர்ப்பொருள் மிகுந்திருக்கும் முதல் மாதங்களில் கொடுத்தால் வைரஸ் பெருகுமுன்பே அழிக்கப்பட்டுவிடும். மிகவும் தாமதித்தாலோ நோய் முந்திக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கப்பட்டதே ஒன்பது மாதம் என்னும் வயது. அவ்வயதிலும் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக் குழந்தைகளே பயனுறுவர். எஞ்சியோரைக் காப்பதே 16 முதல் 24 மாதங்களில் கொடுக்கப்படும் இரண்டாம் தவணையின் தலையாய நோக்கம். முதல் தவணையில் எவருக்குப் பயன் கிட்டவில்லை என்பதைக் கண்ணால் அறிய இயலாதாகையால் அனைவருக்கும் இரண்டாம் தவணை கொடுக்கப்படுகிறது.

மூளைக் காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி சர்க்கரைச் சங்கிலியாலான உறையை உடையது. டி செல்கள் புரதத் துண்டுகளையே அடையாளம் காண்பனவாதலால் இவ்வுறைக்கு அவற்றின் உதவி கிட்டுவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பி செல்கள் அவ்வுதவியின்றி எதிர்வினை புரிவதும் அரிது, நினைவும் உருவாவதில்லை. ஆனால் இந்நோய்கள் மிகுதியாகத் தாக்குவதோ அவ்வயதினரைத்தான். சர்க்கரைச் சங்கிலியை ஒரு புரதத்துடன் பிணைத்துக் கொடுத்தபோது இச்சிக்கல் தீர்ந்தது. புரதத்தின் பொருட்டு டி செல் துணைக்கு வர, பி செல் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருளைச் செய்கிறது. இத்தகைய ஹிப் பகுதியை உள்ளடக்கிய ஐந்நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமாயிற்று. அதே முறையில் அமைந்த நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது.

நுழைவழியின் சிறப்பு: போலியோ அனுபவம்

இளம்பிள்ளை வாதத்தின் வைரஸ் வாய் வழியே புகுந்து குடலில் பெருகுகிறது. வாய்வழிச் சொட்டு மருந்து அதே வழியில் செல்வதால் குடலின் சளிப்படலத்தில் ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதனால் வைரஸ் குடலில் பெருகுவதும் பிறருக்குப் பரவுவதும் தடைபடுகின்றன. ஊசி வழி மருந்து இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி நரம்பு மண்டலத்தைக் காக்கிறது. குடலில் அதன் விளைவு குறைவு.

எனினும் மேலை நாடுகளில் மூன்று தவணைகளில் கிடைத்த பயன் நம் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே இதனை ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பிற வைரஸ்களும் வயிற்றுப்போக்கும் மருந்து வைரஸ் நிலைகொள்வதைத் தடுக்கின்றன. மேலும், மருந்திலிருந்த மூன்று வகை வைரஸ்களுள் இரண்டாம் வகை மற்ற இரண்டையும் முந்திப் பெருகியது. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களில் ஒரே குழந்தைக்குப் பன்முறை மருந்து கொடுக்கப்பட்டது இதனால்தான். பின்னர் ஒருவகை மருந்தும், 2010 முதல் இருவகை மருந்தும் பயன்படுத்தப்பட்டன. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

இன்று சொட்டு மருந்துடன் ஊசி மருந்தும் கொடுக்கப்படுகிறது. அதனைத் தோலினுள், முழு அளவில் ஐந்தில் ஒரு பங்காகிய 0.1 மில்லிலிட்டர் மட்டுமே செலுத்துகின்றனர். தோலில் கிளைச் செல்கள் நிறைந்திருப்பதால் சிறிதளவு ஆன்டிஜெனே பயன்தருகிறது. ஆனால் ஊசி தோலைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டால் இச்சிக்கனம் வீணாகும்.

எதிர்ப்பொருள் எட்டாத இடம்

எல்லா நோய்களையும் எதிர்ப்பொருள் வெல்லும் எனக் கருதலாகாது. காச நோய்க் கிருமி, விழுங்கும் செல்லின் உள்ளேயே குடியேறி வாழ்கிறது. இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் அதனை எளிதில் அணுக இயலாது. டி செல்களே முதன்மையான காவல். பி.சி.ஜி. தடுப்பூசி இவற்றைத் தூண்டுவதற்காகவே கொடுக்கப்படுகிறது. 1968இல் செங்கற்பட்டுப் பகுதியில் தொடங்கிய மாபெரும் கள ஆய்வின் முதல் அறிக்கை 1979இல் வெளிவந்தது. வயது வந்தோரின் நுரையீரல் காச நோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. ஆயினும் குழந்தைகளுக்கு வரும் காச நோய் மூளைக் காய்ச்சல் போன்ற கடும் வகைகளிலிருந்து அது பாதுகாப்பளிப்பதால் பிறந்தவுடன் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. ஒரு தடுப்பூசியின் எல்லையை அறிந்து பயன்படுத்துவதும் அறிவியலே.

குளிர்ப் பதனமும் ஆன்டிஜெனும்

புரதத்தின் வடிவம் சிதைந்தால் தடுப்புச் செல் அதனை அடையாளம் காணாது. உயிருள்ள வைரஸ் இறந்தால் பெருகாது. ஆகவேதான் சுகாதார நிலையங்களில் தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்கப்படுகின்றன. சொட்டு மருந்து வெப்பத்தால் விரைவில் கெடும். குப்பியின் மீதுள்ள அடையாளத்தில் உட்சதுரத்தின் நிறம் வெளிவட்டத்தின் நிறத்தை எட்டினாலோ அதனினும் கருத்தாலோ அக்குப்பியை விலக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிய எச்சரிக்கை பரவியுள்ள அளவுக்கு உறைதலைப் பற்றிய எச்சரிக்கை பரவவில்லை. அலுமினிய உப்பு கலந்த ஐந்நோய்த் தடுப்பூசி, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி முதலியவை உறைந்தால் உப்பின் நுண்துகள்கள் திரண்டு, ஆன்டிஜெனைத் தாங்கும் தன்மையை இழக்கின்றன. மீண்டும் உருகிய பின் பார்வைக்கு மருந்து போலவே தோன்றினும் ஆற்றல் குன்றியிருக்கும். பனிக்கட்டிப் பொதியைப் பதப்படுத்தாமல் அதனருகே குப்பியை வைப்பது, நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தவறாகும்.

கலக்கப்பட்ட பி.சி.ஜி., தட்டம்மை ரூபெல்லா மருந்துகளை நான்கு மணி நேரத்திற்கு மேல் பயன்படுத்தக் கூடாது. ஆற்றல் குறைவது மட்டுமன்றி, கிருமித் தொற்று ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரக்கூடும். உடலின் எதிர்ப்பு அளவு மீறி ஒவ்வாமையாக வெளிப்படுவதும் அரிதாக நிகழ்வதுண்டு. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே இருத்தி வைப்பது இதற்காகவே.

முடிவுரை

பதிவேட்டில் இடப்படும் குறி, தடுப்பூசி செலுத்தப்பட்டதைக் காட்டுகிறது. தடுப்பாற்றல் உண்டாயிற்று என்பதைக் காட்டுவதில்லை. சிதையாத ஆன்டிஜென், உரிய வயதில், உரிய வழியில், உரிய இடைவெளியில் சேர்ந்தால்தான் உடல் நினைவை உருவாக்கிக்கொள்கிறது. இவற்றுள் ஒன்று தவறினாலும் எண்ணிக்கை நிறைவுறும், குழந்தை காக்கப்படாது. அக்குறை, நோய் பரவும் நாளில்தான் வெளிப்படும்.

ஆகவே வெப்பநிலைப் பதிவேட்டை நாள்தோறும் இருமுறை நிரப்பும் மருந்தாளுநரும், இரண்டாம் தவணைக்கு வராத வீட்டைத் தேடிச் செல்லும் ஆஷா பணியாளரும், வாகனத்திற்கு உரிய காலத்தில் நிதி ஒதுக்கும் அலுவலரும் குழந்தையின் நிணநீர் முடிச்சில் நிகழவேண்டிய ஒரு செயலை நிறைவு செய்பவர்களே. இதனை உணர்ந்து பணியாற்றும்போதுதான் தடுப்பூசித் திட்டத்தின் முழுப் பயனும் நாட்டின் கடைக்கோடிக் குழந்தையைச் சென்றடையும்.